அமெரிக்காவில் முதல் சிஎஃப்ஐ (விமானப் பயிற்றுநர்) செய்முறைத் தேர்வுக்குத் தேதி கிடைக்காமல் அலைகிறீர்களா?

எல்லா டிபிஇ-க்கும் (அரசு நியமித்த தேர்வாளர்) முதல் பயிற்றுநர் தேர்வு நடத்த அதிகாரம் கிடையாது. நீங்கள் கூப்பிட்ட தேர்வாளர்கள் "நான் செய்வதில்லை" என்றிருந்தால், அதுதான் காரணமாக இருக்கும்.

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தளத்தில் தேர்வாளர்களைத் தேடும் பக்கமான டெசிக்னி லொக்கேட்டரில் பயிற்றுநர் தேர்வு வகையைக் குறிப்பிட்டு, பக்கத்து மாநிலங்களையும் சேர்த்துத் தேடுங்கள். யாரும் சிக்கவில்லை என்றால் உங்கள் பகுதி எஃப்எஸ்டிஓ-வுக்கு (எஃப்ஏஏ-வின் வட்டார அலுவலகம்) ஒரு போன்.

அதற்கு முன் லாக்புக்கை (பறந்த விவரக் குறிப்பேடு) திறந்து பாருங்கள். ஸ்பின் எண்டார்ஸ்மென்ட், அதாவது விமானம் சுழன்று கீழிறங்கும் நிலையைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான பயிற்றுநரின் கையெழுத்து, இருக்கிறதா? விமானப் பிரிவுக்கு அது கட்டாயம்.

அப்புறம், எழுத்துத் தேர்வு முடிவு 24 மாதம்தான் செல்லும். செய்முறைத் தேர்வுக்கான பயிற்சியோ விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய 2 காலண்டர் மாதங்களுக்குள் இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் பயிற்றுநரோடு மறுபடி பறந்து, அவரிடம் புதுக் கையெழுத்து வாங்க வேண்டி வரலாம்.