பள்ளி விளம்பரப் படத்தில் பல நிறப் பிள்ளைகள் சேர்ந்து சிரிப்பது ஏன்?

பல இனப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் படத்தில் நிறுத்தி, 'இங்கே எல்லாருக்கும் இடமுண்டு' என்று காட்டும் உத்தி இது. பெற்றோர் வகுப்பறையைப் பார்க்கும் முன் படத்தைத்தானே பார்க்கிறார்கள்! அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம், அமெரிக்கக் கால்பந்து ரசிகர் கூட்டப் படத்தில் ஒரு கறுப்பின மாணவரின் முகத்தை ஒட்டிச் சேர்க்கைக் கையேட்டு அட்டையில் போட்டு, 2000-இல் மாட்டிக்கொண்டது. நம்ம தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கதை தலைகீழ். ஃபிளெக்ஸில் எங்கிருந்தோ எடுத்த வெள்ளைக்காரக் குழந்தை டை கட்டிச் சிரிக்கும். கேட்டுக்குள் ஓடுகிற பிள்ளைகளில் அந்தச் சாயலே இருக்காது. பிரியாணிக் கடை போர்டில் தெரியும் லெக் பீஸ் மாதிரிதான். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம், இப்படிப் படம் போட்டாலே ஏமாற்று என்றில்லை. நிஜ மாணவர்களே நின்றாலும், அவர்களைப் போல எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைப் படம் சொல்லாது.