செக்கில் கூடுதலாக வந்த 3 லட்சம்

கேள்வி: அவிநாசி பக்கம் எட்டு மிஷின் போட்டு பவர்டேபிள் தையல் யூனிட் வெச்சிருக்கேனுங்க. டெல்லி பார்ட்டி ஒருத்தர் வாட்ஸப்பிலேயே பேசி 1,80,000 ரூபாய்க்கு டி-சர்ட் ஆர்டர் தந்தார். என் கணக்கில் 4,80,000-க்கு செக் போட்டுட்டு, "அக்கவுண்டன்ட் தப்பா எழுதிட்டார், மிச்சத்தை லாரிக்காரர் கணக்குக்கு இன்னைக்கே அனுப்புங்க"ங்கிறார். ஆப்பில் பேலன்ஸ் ஏறியிருக்கு. அனுப்பலாமுங்களா?

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. பில்லுக்கு மேல் செக் போட்டு மிச்சத்தை மூன்றாம் ஆள் கணக்குக்குக் கேட்பது பழைய மோசடி. லாரிக்காரர், ஏஜென்ட், கஸ்டம்ஸ் என்று பெயர்தான் மாறும்.

ஆப்பில் மொத்த இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு என்று இரண்டு தொகை இருக்கும். செக் போட்டதும் முதலாவது ஏறலாம். பாஸானால்தான் அது உங்கள் கைக்கு வரும். பார்ட்டி அவசரப்படுத்துவது இந்த இடைவெளிக்காகத்தான். செக் திரும்பினால் வங்கி அந்த வரவைக் கழித்து, ரிட்டர்ன் சார்ஜையும் உங்களிடமே பிடிக்கும். நீங்கள் ஓ.டி.யில் (இருப்புக்கு மேல் வங்கி தரும் கடனில்) எடுத்து அனுப்பியிருந்தால், அந்த 3 லட்சம் போனது போனதுதான்.

செக் பாஸானாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். வேறொரு கம்பெனியின் செக்கைப் போலவே அச்சடித்ததாக இருந்தால், நிஜ கணக்குக்காரர் ஸ்டேட்மென்ட் பார்த்துப் புகார் கொடுக்கச் சில நாளாகும். அப்புறம் உங்கள் கணக்கை முடக்குவார்கள். சனிக்கிழமை கூலி போட முடியாது. 2021 ஜனவரியிலிருந்து 50,000 ரூபாய் முதலான செக்குகளுக்கு பாசிட்டிவ் பே வசதி உண்டு: எழுதியவர் முன்கூட்டியே விவரம் தந்தால் வங்கி ஒத்துப்பார்க்கும். அதைக் கட்டாயமாக்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இடம் தந்திருப்பது 5 லட்சத்திலிருந்து. உங்களுடையது 4,80,000! தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

'திரும்பினால் 138 கேஸ் (செக் திரும்பியதற்கான சட்டப்பிரிவு) போடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அது கணக்குக்காரர் தானே எழுதிய செக்குக்கு. கள்ளச் செக்கில் அவரும் உங்களைப் போல ஏமாந்தவர்.

இன்றே கிளைக்குப் போய், இந்த வரவில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். செக் இமேஜைக் காட்டச் சொல்லி, எழுதிய கம்பெனி பெயர் பார்ட்டி சொன்ன பெயர்தானா என்று பாருங்கள். அடியில் இருக்கும் ஒன்பது இலக்க எம்ஐசிஆர் எண்ணின் முதல் மூன்று இலக்கம் ஊரைக் காட்டும்: கோவைக்கு 641, டெல்லிக்கு 110. பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டு, அந்தப் பெயரில் உள்ள கம்பெனியின் நம்பரை நீங்களே தேடிப் பேசுங்கள். வாட்ஸப் நம்பரில் கேட்டால் அவரேதான் எடுப்பார்.

பார்ட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "செக் விஷயத்தை பேங்க்கில் எழுதிக் கொடுத்துட்டேனுங்க. பில் தொகையை மட்டும் நெஃப்ட் போடுங்க, வந்ததும் துணி வெட்டறோம்." வியாபாரத்துக்கு வந்தவர் என்றால் ஒத்துக்கொள்வார். கூடுதல் தொகை நிஜமாகவே வந்திருந்தால், வந்த கணக்குக்கே, வங்கி வழியாக மட்டும் திரும்பட்டும்.

ஒருவேளை ஏற்கெனவே கொஞ்சம் அனுப்பியிருந்தால், யுடிஆர் நம்பரை (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) கையில் வைத்துக்கொண்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க முடியும். நாளைக்கு என்று தள்ளினால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.