இறக்கிய காரில் டொக்கு டொக்கு: கேள்வி பதில்

குட்டை ஸ்பிரிங் போட்டு காரின் உயரத்தை இறக்கிய பிறகு வரும் சத்தங்களைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

அண்ணா, 2018 ஸ்விஃப்ட். 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டு ஒரு வாரம். மெதுவாகக் குழியில் இறங்கினால் முன்பக்கம் டொக்கு டொக்கு. ஷாக் அப்சார்பர் ஜோடியாக மாற்றணும் என்கிறார் மெக்கானிக்.

எண்ணெய் கசிகிறதா? இல்லையென்றால் பர்ஸை மூடுங்கள் தம்பி. வேலை பார்த்த மறுநாளே வரும் சத்தம் பெரும்பாலும் மாட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில் லிங்க் ராடு. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார், அதன் நுனியைச் சக்கரப் பக்கம் இணைக்கும் சின்னத் தண்டுதான் லிங்க் ராடு. வண்டி இறங்கியதும் பாரின் கோணம் மாறுகிறது. பழைய லிங்க் ராடின் பந்து மூட்டு அதுவரை தேயாத இடத்தில் உட்காருகிறது, இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. இரண்டு பக்கமும் கழற்றி, எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான்.

நிற்கவில்லையா? மேலே டாப் மவுண்ட் நட்டு, அதாவது ஷாக் அப்சார்பரின் தலையை பாடியோடு பிடிக்கும் இடத்து நட்டு. ஏர் கன் வைத்து அடித்தால் உள்ளே ஷாக் அப்சார்பரின் தண்டும் சேர்ந்து சுற்றும், நட்டு இறுகியது போலத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. தண்டைப் பிடித்துக்கொண்டு கையால் முறுக்க வேண்டும்.

மூன்றாவது லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். முதலில் கீச்சிடும், பிறகு கிழியும். தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது மறுபடி இறுக்கணும். அலைன்மென்ட் கடையின் ராம்ப் இதற்கு வசதி. எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும், வண்டியை இறக்கினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும்.

சார், நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பினால் 'டங்'.

டாப் மவுண்ட் பேரிங், அல்லது ஸ்பிரிங் நுனி அதன் இருக்கையில், அதாவது அது உட்காரும் தட்டில், சரியாக உட்காரவில்லை. ஒருவர் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் கை வையுங்கள். முறுக்கி விடுபடுவது கையில் தெரியும். சுருள்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள்.

பழைய ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்று வெட்டினேன், செலவே இல்லை. காசு கொடுத்து ஸ்பிரிங் வாங்குகிறவன் ஏமாளி. ஸ்பீடு பிரேக்கர் தாண்டும்போது மட்டும் லேசாக டங் என்கிறது.

அந்த 'லேசான டங்' என்ன என்று சொல்கிறேன். ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஒன்றரை போனால் மிச்சம் நாலரை. கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஷாக் அப்சார்பரின் நீளமோ பழையதேதான். சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் எட்டாமல் இருக்கையை விட்டு விலகுகிறது. திரும்ப வந்து விழும்போதுதான் டங்.

கடினம் கூடுகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். வளைவில் நல்லதுதானே?

கூடிய கடினத்துக்கு ஷாக் அப்சார்பரும் ஈடுகொடுக்கணும், அது பழைய ஸ்பிரிங்குக்குச் செய்தது. கேஸ் தீயில் வெட்டியிருந்தால் சூடுபட்ட இடத்தில் எஃகின் பதமும் போயிருக்கும். வளைவில் உள்பக்கச் சக்கரம்தான் தொங்கும், ஸ்பிரிங் விலகுவதும் அங்கேதான். ஒழுங்காகச் செய்த குட்டை ஸ்பிரிங் தொங்கும்போதும் இறுக்கத்தை விடாது. நீங்கள் காசு மிச்சம் பிடித்தது அதில்தான்.

கட்டுக்கம்பியால் இருக்கையோடு கட்டிவிட்டால்?

ஐயா, சத்தம் நிற்கும். அப்புறம் ஒருநாள் கம்பி அறுந்து டயர் பக்கம் போகும். இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

ஸ்பீடு பிரேக்கரில் அடி இடிக்கிறது, எந்த புஷ் மாற்றணும்?

எந்த புஷ்ஷும் வேண்டாம். ஸ்விஃப்ட்டுக்குத் தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே கம்பெனி சொல்லும் உயரம் 163 மி.மீ. நாற்பது போனால் 123. சாலை விதிப்படி ஸ்பீடு பிரேக்கரின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். உங்கள் தெருவில் இருப்பது அந்த அளவா என்று டேப் வைத்துப் பாருங்கள். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றிவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

ஆர்.டி.ஓ. பிடிப்பார்களா?

வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். நான் வக்கீல் இல்லை.

அண்ணா, என் காரில் முன்பக்கம் டொக்கு டொக்கு...

முதல் பதில்.

ஸ்பிரிங் மாற்றியதும் டொக்கு டொக்கு, ஷாக் அப்சார்பர் வாங்கலாமா?

முதல் பதில். மேலே போய்ப் படியுங்கள்.

அண்ணா, முதலில் கேட்ட ஸ்விஃப்ட்காரன். லிங்க் ராடு இரண்டையும் கழற்றினேன், சத்தம் சுத்தமாக இல்லை. இப்படியே ஓட்டலாமா?

கூடாது தம்பி, வளைவில் வண்டி சாயும். கண்டுபிடிக்கத்தான் கழற்றச் சொன்னேன். ஜோடியாகப் புதிது போட்டு, இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி மாட்டப் பார்த்தால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் ஓட்டையில் சேராது. ஸ்டாண்ட் வைத்தீர்களா?