கேள்வி – பதில்: லூசியும் மூன்று கேமராக்களும்

கேள்வி: அமெரிக்க டி.வி. நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூசி'யின் நாயகி லூசில் பால் எத்தனை எம்மி (டி.வி. விருது) வாங்கினார்? அந்தக் கோமாளித்தனமெல்லாம் அப்போதைக்கப்போது தோன்றியதா? (வாசகி, செம்பூர்)

பதில்: நடிப்புக்கு நான்கு: 1953, 1956, 1967, 1968. தோன்றியதா என்றால், இல்லவே இல்லை. எழுதியதைப் பிசகாமல் பேசி, கையில் எடுக்கப்போகும் பொருளோடு பழகிப் பழகி ஒத்திகை பார்ப்பவர். 1952-ல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் பாருங்கள். முதலில் ஒவ்வொன்றையும் ஒழுங்காகத்தான் காகிதத்தில் சுற்றுகிறார். பெல்ட் வேகமெடுத்த பிறகுதான் வாய், தொப்பி, சட்டைக்குள் என்று திணிப்பு. அந்த ஒழுங்கான ஆரம்பத்தை வெட்டினால் சிரிப்பு பாதிதான். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 40. சினிமாவில் பெரிதாக எடுபடாதவர்.

கேள்வி: நடிகை ஸ்டூடியோ முதலாளி ஆனது எப்படி? (வாசகர், முலுண்ட்)

பதில்: 1951-ல் தொடரை நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்தச் சொன்னது சி.பி.எஸ். டி.வி. நிறுவனம். லூசிலும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டிலேயே, பார்வையாளர் முன்னால் மூன்று கேமரா வைத்து 35 மி.மீ. பிலிமில் எடுப்போம் என்று அடம்பிடித்தார்கள். செலவு கூடியதால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, எபிசோடுகளின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அந்த உரிமையைப் பின்னால் சி.பி.எஸ்.ஸுக்கே விற்றதில் காசு கொட்டியது. அவர் ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே 1957-ல் அவர்கள் கம்பெனி டெசிலு வாங்கியது. 1962-ல் கணவரின் பங்கையும் வாங்கித் தலைவரானார். நம் மும்பை கோரேகாவில் சீரியல் எடுப்பவர்கள் பெருமூச்சு விடலாம்!

கேள்வி: பொங்கல் விழா நாடகத்தை அதே பாணியில் மூன்று செல்போனில் எடுக்க முடியுமா? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: தாராளமாக. மூன்றையும் பார்வையாளர் பக்கமே வையுங்கள். ஒன்று மேடைக்குப் பின்னால் போனால், எடிட்டிங்கில் பேசுகிறவர்கள் திடீரென்று இடம் மாறி நிற்பார்கள். நடுப் போனில் முழு மேடை. ஓரத்தில் இருப்பவை எதிர்ப்பக்கத்து நடிகரின் முகத்தைக் குறுக்காகப் பிடிக்கட்டும். மூன்றிலும் வீடியோ தெளிவு 1080, நொடிக்கு 30 பிரேம் என்று ஒரே மாதிரி வையுங்கள். திரையை அழுத்திப் பிடித்து போகஸ், வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளை வேட்டி வந்ததும் படம் இருண்டுவிடும். லூசி தொடரில் ஒளிப்பதிவாளர் கார்ல் பிராய்ண்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டு மேடை முழுக்கச் சமமாக வெளிச்சம் தந்தார். நீங்களும் ஒரே பக்கத்து ஃபோகஸ் லைட்டை நம்பாதீர்கள்.

எடிட்டிங்கில் மூன்று பதிவையும் ஒன்றோடொன்று பொருத்த, காட்சிக்குக் காட்சி எல்லாப் போனுக்கும் தெரிய ஒரு கைத்தட்டல். ஆரம்பத்தில் மட்டும் தட்டினால், போக போக உதடும் ஒலியும் விலகும். வசனத்துக்குத் தனி மைக் அவசியம். சிரிப்பு அடங்க ஆரம்பிக்கும்போதுதான் அடுத்த வசனம். முழுக்க அடங்கக் காத்திருந்தால் தொய்வு, முந்தினால் வசனம் காதில் விழாது. போனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 8 ஜி.பி. இடம் ஒதுக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றே போகும்.