சேலத்திலிருந்து வந்த தங்கைக்கு: ஆன்லைனில் அமெரிக்க இலக்கியம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சேலத்திலிருந்து அட்லாண்டா பக்கம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பையன் ஊரில் 10ஆம் வகுப்பு முடித்தவன், இங்கே 11இல் சேர்த்திருக்கிறார்கள். டைம்டேபிள் ஒத்துவராததால் அமெரிக்க இலக்கியத்தை ஆன்லைனில் எடுக்கச் சொல்கிறார் பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலர். "இந்த நாட்டுச் சரித்திரமே தெரியாதவன் இவர்கள் இலக்கியத்தைத் தனியாக உட்கார்ந்து எப்படிப் படிப்பான், ட்யூஷன் வைத்துவிடலாமா அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கரூரிலிருந்து 2014 ஜூலையில் வந்தோம். என் மகளும் 10 முடித்த கையோடு வந்தவள்தான், இதே பாடத்தை வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தவள். அந்த வருஷம் நான் பட்ட கவலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தைத் தள்ளிப்போட முடியாது. அட்லாண்டா இருக்கும் இந்த ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்க 23 யூனிட் வேண்டும். அதில் ஆங்கிலம் 4, அந்த 4இல் ஒன்று கட்டாயமாக அமெரிக்க இலக்கியமும் கட்டுரை எழுதுவதும். முடிவில் மாநிலமே வைக்கும் தேர்வு உண்டு. வகுப்பு ஆன்லைன் என்றாலும் அந்தத் தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். மாநிலக் கல்வித் துறை நடத்தும் ஜார்ஜியா வெர்ச்சுவல் ஸ்கூல் இருக்கிறது, தனியாரும் இருக்கிறார்கள். எதில் சேர்த்தாலும் "இந்த கிரெடிட் (அதாவது யூனிட்) டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவில் ஏறும்" என்று கவுன்சிலரிடம் ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சரித்திரம் தெரியாதது பெரிய குறை இல்லை. அது படிக்கப் படிக்க வந்துவிடும். பையனுக்கு உண்மையில் கஷ்டமாக இருக்கப்போவது வேறு. நாமெல்லாம் கோனார் உரை வைத்துப் படித்தவர்கள். செய்யுளுக்குப் பொருள் ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருப்பார், அதைப் பிசகாமல் எழுதினால் மார்க். இங்கே அது அப்படியே தலைகீழ். அடுத்தவர் சொன்ன பொருளை எழுதினால் மார்க் இல்லை. நீ என்ன நினைக்கிறாய், அதற்கு எந்த வரி சாட்சி, அந்த வரி எப்படிச் சாட்சியாகிறது: இந்த மூன்றைத்தான் கேட்பார்கள்.

இது எங்களுக்குப் பட்டுத்தான் தெரிந்தது. மகளுடைய முதல் கட்டுரை, ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியார் 1741இல் செய்த பிரசங்கத்தைப் பற்றியது. இணையத்தில் இருந்த சுருக்கத்தைப் படித்து, மூன்று நான்கு வாக்கியங்களில் வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டாள். பூஜ்யம் வந்தது. தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தானே எழுதினோம். இரவெல்லாம் அழுதாள். மறுநாள் அந்த டீச்சர் வீடியோவில் கூப்பிட்டு, "சுருக்கத்தை விடு. அந்தச் சிலந்தி வரியைப் படித்தபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டார். பாவிகளைக் கடவுள், நெருப்புக்கு மேலே சிலந்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார் என்று அந்தப் பிரசங்கத்தில் வரும். மகள் யோசித்துவிட்டு, "கோபமாக இருப்பவரும் அவர்தான், விழாமல் பிடித்திருப்பதும் அவர் கைதான். விட்டு ஓடவும் முடியாது, அந்தக் கையை நம்பாமலும் இருக்க முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது" என்றாள். "அதை எழுது" என்றார் டீச்சர். இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தார். என்ன கேட்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கும்.

பையனுக்கு முதலில் பயம் தெளியவேண்டுமென்றால், வகுப்பு தொடங்கும் முன் ஃப்ரெடரிக் டக்ளஸ் எழுதிய சுயசரிதையைக் கையில் கொடுங்கள். 1845இல் வந்தது, சின்னப் புத்தகம், பல பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எஜமானியம்மா எழுத்து சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிறார், கணவர் வந்து தடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தச் சிறுவன் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவான். பசியோடு திரியும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்குப் படிக்கக் கற்றுக்கொள்வான்.

இதில் மகள் பிடித்துக்கொண்டது இரண்டு இடம். அடிமைப் பையன் கையில் ரொட்டி இருக்கிறது, சுதந்திரமான பையன் பட்டினி. இது முதலாவது. இன்னொன்று, தனக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பையன்களின் பெயரைச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன் என்கிறார் டக்ளஸ். தனக்குக் கெடுதல் என்பதற்காக இல்லை, அவர்களுக்குச் சங்கடம் வரும் என்பதற்காக. அடிமைக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது இந்தக் கிறிஸ்தவ நாட்டில் மன்னிக்க முடியாத குற்றம்போல என்று அங்கேயே எழுதுகிறார். "பெயரைச் சொல்லாமல் விட்டதே நாட்டின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு" என்பதுதான் அவள் கட்டுரையின் மையவரி. இதற்கு அமெரிக்கச் சரித்திரத்தில் கரை கண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை நிதானமாக, இரண்டு மூன்று தடவை படித்திருந்தால் போதும். உங்கள் பையனாலும் முடியும்.

எழுதும் முறையில் சில பழக்கங்களை மாற்றித்தான் ஆகவேண்டும். நம் பிள்ளைகள் முன்னுரையை ஊர் சுற்றிக்கொண்டு வருவதுபோல எழுதுவார்கள், பொன்மொழி ஒன்றில் தொடங்குவார்கள். இங்கே முதல் பத்தி முடிவதற்குள் தன் வாதம் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். அதைத்தான் தீசிஸ் என்கிறார்கள். கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும்: டக்ளஸ் ரொட்டி கொடுக்கிறார், கொடுத்தார் இல்லை. மேற்கோள் காட்டினால் எம்எல்ஏ என்று இங்கே சொல்லும் மேற்கோள் முறைப்படி ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதற்கு அப்புறம்தான் முற்றுப்புள்ளி. "கலர்" என்ற சொல்லில் நாம் போடும் "யு" இங்கே கிடையாது. இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் எதற்கு எத்தனை மார்க் என்று ரூப்ரிக் தருவார்கள், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

சில புத்தகங்களுக்கு உங்களையும் தயார்செய்துகொள்ளுங்கள். "தி க்ரூசிபிள்" என்ற நாடகம் பாடமாக வரக்கூடும். ஆர்தர் மில்லர் எழுதி 1953இல் மேடையேறியது. 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்ட கதை, நடந்த ஊர் பெயரும் சேலம்தான், மாசசூசெட்ஸில் இருக்கிறது. மார்க் ட்வைன் எழுதிய "ஹக்கிள்பெரி ஃபின்" நாவல் வந்தால் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். புத்தகத்தில் இருக்கிறதே என்று பையன் அதை வகுப்பில் வாய்விட்டுப் படித்துவிடக் கூடாது, தன் கட்டுரையிலும் எழுதக் கூடாது. அந்தச் சொல்லின் கனம் நம் ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைக்குத் தெரியாது. அம்மாவோ அப்பாவோ முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ச் சாதிப்பெயர் வசவுகளை நினைத்துப் பார்க்கச் சொன்னேன், மகளுக்கு உடனே புரிந்தது.

மகள் படித்த அதே வருஷத்தில் தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளரும் பாடத்தில் வந்தார். அடிமைமுறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தவர். அதைப் பற்றி 1849இல் அவர் எழுதிய கட்டுரையைக் காந்தி படித்திருக்கிறார். அன்றைக்கு வீடியோ வகுப்பில் காந்தியைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது, மகள் முதல் தடவையாகத் தானே கையைத் தூக்கினாள்.

ஆன்லைன் வகுப்பில் பெரிய ஆபத்து, பிள்ளை வாயே திறக்காமல் இருந்துவிடுவதுதான். நேரடி வகுப்பில் முகத்தைப் பார்த்து டீச்சர் கண்டுபிடிப்பார், இங்கே யாருக்கும் தெரியாது. டிஸ்கஷனில் எழுதும் பதிலுக்கு மார்க் உண்டு. "நன்றாகச் சொன்னாய், ஒத்துக்கொள்கிறேன்" என்று போட்டால் எதுவும் கிடைக்காது. "நீ சொல்வது சரி, ஆனால் அடுத்த பத்தியில் இப்படி இருக்கிறதே" என்று எழுதப் பழக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது மரியாதைக்குறைவாகத் தோன்றும். இங்கே அப்படி யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டீச்சர் சந்தேகம் கேட்க ஒதுக்கும் நேரத்தில் வாரம் ஒரு தடவையாவது போய்க் கேட்கச் சொல்லுங்கள். மேடம், சார் என்று எழுதாமல் மிஸ்டர், மிஸ் போட்டுக் குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும்.

இப்போது ஏஐ வந்துவிட்டதால், பிள்ளை தானே எழுதினானா என்று டீச்சர்களுக்குச் சந்தேகமும் கூடிவிட்டது. முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதட்டும். எப்போது எதை எழுதினான், எதை அடித்தான் என்பதெல்லாம் அதில் பதிவாகும். யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

ட்யூஷன் இப்போதைக்கு வேண்டாம். முதல் இரண்டு கட்டுரைக்கு டீச்சர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு யோசியுங்கள். வைத்தாலும், கட்டுரையைத் திருத்திக் கொடுப்பவர் வேண்டாம், கேள்வி கேட்பவராகப் பாருங்கள். அந்த வேலையை நீங்களே செய்யலாம். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "அது எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். நான் அந்தப் புத்தகங்கள் எதையும் அதற்குமுன் படித்தவள் இல்லை. வருஷம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்.

புத்தகம் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். முகவரிச் சான்றைக் காட்டினால் கவுண்டி நூலகத்தில் அட்டை இலவசம், நூலகப் புத்தகங்களைக் கடன் வாங்கும் லிப்பி ஆப்பில் அதே அட்டையை வைத்துப் போனிலும் படிக்கலாம். டக்ளஸ் மட்டும் என்னிடமே இருக்கிறது, மகள் பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிய பிரதி. வரும் ஞாயிறு மதியம் கம்மிங் நூலகத்துக்குப் போவேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கொண்டுவந்து தருகிறேன்.