முட்டை அட்டையைக் கழற்றுங்கள் தம்பி

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூன்றாவது மாடி பிளாட், படுக்கையறைதான் பாட்டு ஸ்டூடியோ, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியும் கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து கதவைத் தட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அட்டையை இன்றைக்கே கழற்றுங்கள். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே போகிற சத்தத்தை நிறுத்தாது, தீயும் சட்டென்று பிடிக்கும்.

50 ஹெர்ட்ஸ் பேஸின், அதாவது அடிக்குரல் ஒலியின், அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். மெல்லிய அட்டை அதை என்ன செய்யும்?

நானும் சப்வூஃபரை (பேஸ் ஸ்பீக்கரை) டைல்ஸ் தரையில் நேராக வைத்திருந்தவன்தான். ஒருநாள் பாட்டை ஓடவிட்டு, கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டு உள்ளே போய் நின்றேன். பாட்டு கேட்கவே இல்லை. ஆனால் அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் கிணுகிணுவென்று ஆடின. தூளியில் குழந்தை. எனக்கு மனசே கேட்கவில்லை.

பிறகு செய்தது இது: இரண்டு பிளைவுட் பலகை. கீழ்ப் பலகையில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு டென்னிஸ் பந்து வைத்து, அதன்மேல் அடுத்த பலகை. மேல் பலகை சுவரைத் தொடவே கூடாது. தொட்டால் அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும். உருமி மேளம், ஸ்பீக்கர் இரண்டையும் அதன்மேல் வையுங்கள்.

கண்ணாடிப் பட்டை ஜன்னல் என்றால் இடுக்கெல்லாம் சத்தம் போகும். உள்பக்கம் கனமான பலகை பொருத்தி, ஓரம் சுற்றி ரப்பர் ஒட்டுங்கள். கதவடி இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.

இரவில் மிக்ஸிங் ஹெட்போனில் மட்டும். மாக்சிக்கிடம் எந்த நேரம் தொந்தரவு இல்லை என்று நேரில் கேளுங்கள், மக்ரிப் (அந்தித் தொழுகை) நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.