கூத்துக்கு ஒரு கேமரா

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் செய்யாறு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பழைய கோயில்களையும் குடைவரைகளையும் பார்க்கப் போவோம். மாமண்டூர், சீயமங்கலம், திருமலை எல்லாம் போய்வந்தாயிற்று. சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் இதுவரை போனில்தான் எடுத்தேன். இனி ஒழுங்காக ஒரு கேமரா வாங்கலாம் என்று ஒரு லட்சம் ரூபாய் வரை சேர்த்திருக்கிறேன்.

கடையில் கேட்டால் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ்தான் வாங்க வேண்டும், சின்ன கேமராவின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் வைத்திருக்கும் கேமரா சட்டைப்பைக்குள் போய்விடுகிறது, படமும் நன்றாக இருக்கிறது. நான் பேருந்தில் போகிறவள். கைப்பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், நோட்டு எல்லாம் இருக்கும். அதனால் சின்னதன் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் பிறகு வருத்தப்படுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் எங்கள் ஊரில் பாரதக்கூத்து நடக்கும், அதையும் எடுக்க ஆசை. எது வாங்கலாம், சொல்லுங்கள்.

அன்புடன்,
வி., செய்யாறு

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் கோயில்களுக்குப் பல வரிகள், கூத்துக்கு ஒரு வரி. ஆனால் எந்தக் கேமரா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது. அது இல்லையென்றால், சின்னதை வாங்குங்கள் என்று இரண்டு வாக்கியத்தில் பதில் எழுதியிருப்பேன்.

சீயமங்கலம் குடைவரைக்குள் வெளிச்சம் குறைவு. ஆனால் அங்கே இருப்பது கல், அது நகராது. கேமராவிலோ லென்ஸிலோ கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருந்தால், தூணில் சாய்ந்துகொண்டு மூச்சைப் பிடித்து ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தாலும் படம் கலங்காமல் வரும். இன்றைய நல்ல சின்ன கேமராக்களில் இந்த வசதி இருக்கிறது. கல்வெட்டுக்குக் கேமராவைவிட ஒளி விழும் கோணம்தான் முக்கியம். நேர் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் பக்கவாட்டில் படும் நேரத்துக்குப் போங்கள். இருட்டான இடமென்றால் உங்கள் குழுவில் ஒருவரை டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்துகள் எழுந்து நிற்கும். அதற்குப் போனே போதும்.

கூத்து வேறு. இருட்டும் இருக்கிறது, அசைவும் இருக்கிறது. திரை விலகி வேஷம் வெளியே வந்து சுழன்று ஆடும்போது கை, கால், முகம் எல்லாம் தெளிவாக வேண்டுமென்றால் ஷட்டர் 1/250 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. உங்கள் கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அசைவது துரியோதனன். நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் இங்கே உதவாது. லென்ஸ் உள்ளே விடும் ஒளியும், அதை வாங்கிக்கொள்ளும் சென்சாரின் பரப்பும் மட்டுமே காப்பாற்றும்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மிரர்லெஸ்ஸில் சென்சார் பெரியது, அது உண்மை. உதாரணத்துக்கு உங்கள் தொகைக்கு ஏற்ற கேனன் ஆர்50-ஐ எடுத்துக்கொள்வோம். சின்ன கேமராவுக்கு அதே கேனனின் ஜி7 எக்ஸ் மார்க் 3. ஆர்50-இன் சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ. மற்றதில் இருப்பது ஒரு அங்குல சென்சார் என்று அழைக்கப்படுவது, அதன் அளவு 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் ஆர்50 கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் ஆர்50-உடன் பெட்டியில் வரும் 18-45 மி.மீ. லென்ஸ், அகலமாகப் பார்க்கும் 18 மி.மீ. முனையில் எஃப் 4.5 வரைதான் திறக்கும். சின்ன கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது, ஒளி அதிகம், அதுவும் அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப. 4.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் போட்டால் 6.25. அதாவது சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் ஆறு மடங்கு ஒளி விழுகிறது. மூன்று மடங்கு பரப்பை ஆறு மடங்கு ஒளி தோற்கடித்துவிடும். மொத்தக் கணக்கில் உங்கள் நண்பரின் சட்டைப்பைக் கேமரா போன்ற ஒன்று, பெட்டி லென்ஸோடு இருக்கும் மிரர்லெஸ்ஸைவிட இரு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. நண்பரின் படங்கள் நன்றாக இருப்பதில் வியப்பே இல்லை.

ஆகவே பெட்டி லென்ஸோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர் மிரர்லெஸ் வாங்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். வாங்கி, இரண்டு வருடம் அந்த ஒரே லென்ஸைக் கழற்றாமல் வைத்திருந்து, கனமாக இருக்கிறது என்று பீரோவில் போட்டுவிட்ட பலரை எனக்குத் தெரியும். லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதிக்குத்தான் அந்தக் கனத்தைச் சுமக்கிறோம். அதைப் பயன்படுத்தாமல் சுமப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

சரி, இப்போது அதே ஆர்50-இல் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். 160 கிராம், உள்ளங்கையில் அடங்கும். பெட்டி லென்ஸை 45 மி.மீ. வரை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும். இதுவோ எஃப் 1.8-லேயே நிற்கும். ஒளியில் வித்தியாசம் பன்னிரண்டு மடங்கு. பெட்டி லென்ஸ் 1/20 நொடி கேட்கும் இடத்தில் இது 1/250 நொடியில் எடுத்துவிடும். ஒன்றில் துரியோதனன் வெறும் வண்ணக் கலங்கலாக இருப்பார், மற்றதில் அவர் மார்பில் பதித்த கண்ணாடிச் சில்லுகளை எண்ணலாம். சின்ன கேமராவை இதே தொலைவுக்கு நீட்டி எஃப் 2.8-இல் எடுத்தாலும், மொத்த ஒளியில் இந்த ஜோடி ஏறக்குறைய ஏழு மடங்கு முன்னால் நிற்கும். இந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் முழுதாக நிரப்ப முடியாது.

ஆர்50-இல் இந்த லென்ஸின் பார்வை கொஞ்சம் குறுகும். முன்வரிசையில் ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேமராவை நெட்டாகப் பிடித்தால், கிரீடத்தோடு ஒரு ஆள் சரியாக அடங்குவார். கூத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. கட்டியங்காரனும் ராஜாவும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டுமென்றால் பின்வரிசைக்குப் போய்விட வேண்டியதுதான்.

கனத்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஆர்50-உம் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து சுமார் 535 கிராம். ஜி7 எக்ஸ் சுமார் 300 கிராம். எடையைவிட உருவம்தான் தொந்தரவு. சின்னதில் லென்ஸ் உள்ளே போய்விடும், பெரியதில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். உங்கள் கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கத்தான் வேண்டும். அது சின்ன விஷயமில்லை, கூட எடுத்துப்போகாத கேமராவால் என்ன பயன்? கோயில்களுக்கு மட்டும் போகிறவராக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களைச் சின்னதன் பக்கம் தள்ளியிருப்பேன்.

ஆனால் வேஷக்காரர்கள் உங்கள் ஊருக்கே வந்து விடியவிடிய ஆடுகிறார்கள். அதை எடுக்க ஆசை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிற்பம் அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். வயதான ஒரு கூத்து வாத்தியார் இந்தச் சித்திரையில் ஆடும் ஆட்டம் அப்படியில்லை. ஆகவே என் பதில்: மிரர்லெஸ் வாங்குங்கள், 50 மி.மீ. லென்ஸையும் அன்றைக்கே சேர்த்து வாங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிவைப்பதாக இருந்தால், சின்னதையே வாங்கிவிடுங்கள். பெட்டி லென்ஸும் வீணாகாது. அதில் நடுக்கம் தடுக்கும் வசதி உண்டு, 50-இல் கிடையாது, ஆர்50-இன் உடலிலும் கிடையாது. குடைவரைக்குப் பெட்டி லென்ஸ், கூத்துக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன கேமராவின் காலம் முடிந்துவிட்டது என்று கடையில் சொன்னதில் பாதி உண்மை. 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி சின்னவை. 2023-இல் எல்லா வகையும் சேர்ந்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. போன் தின்றது போக எஞ்சியவை சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, ரிக்கோ ஜிஆர் போன்ற நல்ல, விலை கூடிய கேமராக்கள். ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் தனி ரகம். ஏறக்குறைய ஆர்50 அளவு சென்சாரை 257 கிராமுக்குள் வைத்திருக்கிறது, ஆனால் ஜூம் கிடையாது, விரிந்த பார்வை மட்டும்தான். கூத்தில் வேஷக்காரர் பக்கத்திலேயே போய் நின்றால்தான் அதில் எடுக்க முடியும், அது மற்றவர்களுக்கு மரியாதையாக இருக்காது. மலிவாகக் கிடைக்கும் குட்டி கேமராக்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றின் சென்சார் நல்ல போனில் இருப்பதைவிடச் சிறியது.

சித்திரை மதியம் கோயில் பிராகாரத்தில் நின்றால் கேமராவின் திரையில் எதுவும் தெரியாது. ஆர்50-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது, ஜி7 எக்ஸில் இல்லை. கூத்து இரவில் அதன் அருமை இன்னும் புரியும். திரையை மடக்கிவைத்துவிட்டு வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால், பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் வெளிச்சம் அடிக்காது. ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். ஓசையில்லாத ஷட்டரையும் அங்கே நிறுத்திவையுங்கள், டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைபட்டையாகக் கோடு விழலாம். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தைத்தான் திருத்த முடியாது.

கூத்துக் களத்தில் புழுதி பறக்கும். 50-ஐ வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள், அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாரில் தூசு படிந்தாலும் மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிடலாம். சின்ன கேமராவில் நீண்டு சுருங்கும் குழல் வழியாகத் தூசு உள்ளே போனால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் மழைக்காலம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு லென்ஸ்களை வையுங்கள், நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

விடியும்வரை ஆட்டம் என்பதால் இன்னொரு பேட்டரி கட்டாயம் வேண்டும். லென்ஸுக்கு அடுத்து அதற்குப் பணம் ஒதுக்குங்கள், தோள்பைக்கு அல்ல. எடுப்பதற்கு முன் ஜமா வாத்தியாரிடம், அதாவது கூத்துக் குழுவின் தலைவரிடம், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒப்பனை போடும்போது எடுக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள், ஏனென்றால் அரிதாரம் பூசும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் படங்கள் வேறு எப்போதும் கிடைக்காது. எடுத்ததில் நல்லதாகச் சிலவற்றை அச்சுப் போட்டு அவர்களிடம் கொடுங்கள். எனக்கும் இரண்டு அனுப்புங்கள்.

அன்புடன்.